பெருச்சாளிக்கு எதற்குக் கரண்டி

எட்டு மணி. பன்னிரண்டு வரைக்கும் தொடக் கூடாது. தொடக் கூடாது என்றால் விரலை வாளிக்குள் விடுவதும் தொடுவதுதான், வாளியை வெயிலுக்கு நகர்த்துவதும் தொடுவதுதான், ஆனால் பக்கத்தில் குத்தவைத்துக் குனிந்து பார்ப்பதைப் பற்றி என் வீட்டுக்காரி பாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே பார்க்கலாம். ஐந்து குச்சிகள். இரண்டு ஆப்பிள், இரண்டு பிளம்ஸ், ஒரு பேரி. வேரில் ஒரு பொட்டு மண் கிடையாது, இலை கிடையாது, காலை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஐந்து பேர் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வாளிக்குள் சாய்ந்து நிற்கிறார்கள். இமாச்சலத்திலிருந்து ஒன்பது நாள். நான் ஒருமுறை திருப்பதிக்கு இரண்டு நாள் போய் வந்ததற்கே நான்கு நாள் படுத்துக் கிடந்தேன், இவர்கள் ஒன்பது நாள் சாக்குக்குள், ஈரப் பாசிக்குள், ஒரு வரிகூடப் படிக்க முடியாத ஹிந்திப் பேப்பருக்குள் சுருண்டு வந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் டீ ஃபேக்டரி ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் கூரியர்காரன் வந்தான், அண்ணே இதுல மீன் ஏதாவது இருக்கா, சொட்டிக்கிட்டே இருக்கு என்றான், மரம் என்றேன், மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். சொட்டியது என்று அவன் சொன்னதே ராத்திரி முழுக்க எனக்குத் துணையாக இருந்தது. சொட்டினால் ஈரம் இருக்கிறது, ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் சொட்டித் தீர்ந்துவிட்டால்? காலையில் வந்ததும் வாளியில் இறக்கியாயிற்று, நான்கு மணி நேரம் வேர் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு குழி. குழிகள் மார்கழியிலேயே வெட்டித் தயார், ஐந்து, கொல்லையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட்டில் இலை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பாக்கியம் வருவாள், அவள் கையால்தான் நடுவது, அதுதான் ஒப்பந்தம். அதுவரைக்கும் நீங்க தூங்குங்க என்றாள் ஏழரைக்குக் கிளம்பும்போது. தூங்குங்க என்றால் அர்த்தம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்க.

கைதான் பிரச்சினை. நான் கெட்டவன் இல்லை, என் கை வேலைக்காரக் கை. இருபத்து நான்கு வருஷமாக ராத்திரி முழுக்க இதற்கு ஒரே வேலை, இலையை வாட வைப்பது. சாயங்காலம் பறித்து வந்த கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி அடியில் ஃபேன் ஓடவிட்டால் விடியற்காலைக்குள் பதமாக வாடியிருக்க வேண்டும், பதம் தவறினால் டீ தவறும். பதத்தைச் சொல்ல மெஷின் கிடையாது. ஒரு பிடி அள்ளி அழுத்தி விரலை விரிக்க வேண்டும். பந்தாக இருந்து மெல்ல அவிழ்ந்தால் சரி. வெடுக்கென்று விரிந்தால் இன்னும் பச்சை. நொறுங்கினால் காலையில் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். புரட்டு, அள்ளு, அழுத்து, பார், மறுபடி புரட்டு. வீட்டில் சப்பாத்தி மாவைக்கூடப் பாக்கியம் என் பக்கத்தில் வைக்க மாட்டாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கொத்தமல்லிக் கட்டை நான் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், அவர் இறங்கும்போது வச்சுக்குங்க என்று கொடுத்துவிட்டே போனார். வாட வைத்தே வாழ்ந்த மனுஷன் வாடாமல் ஒன்றை வளர்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் சாமி சிரிக்கத்தான் செய்யும். ஆனால் ஆசைக்கு எனக்குத் தகுதி இருக்கிறது. ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும், ஏழு டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று தூங்கினால்தான் அது கண் விழிக்கும், புத்தகத்தில் இருக்கிறது. கோத்தகிரியில் அந்தக் குளிரை நேருக்கு நேர் பார்த்தவன் நான். மற்றவர்கள் கம்பளிக்குள் இருந்தபடி கேள்விப்பட்டவர்கள். இரண்டு பனிக்காலமாகத் தெர்மாமீட்டரை ஃபேக்டரி ஜன்னலில் கட்டி மணிக்கொரு தரம் எழுதி வைத்திருக்கிறேன், தேறும், குறைந்த குளிர் போதுமென்கிற ஜாதி தேறும். படிக்காதவன் என்று மச்சினன் தியாகு சொல்வான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று எனக்குத்தான் தோன்றியது, படிப்புக்குத் தோன்றவில்லை, அது விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது.

எட்டே முக்கால். உயிர் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துவிட்டால் தூங்கப் போய்விடலாம். அதற்கு வழி இருக்கிறது, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியவேண்டும். சுரண்டுவது தொடுவதாகாது, அது பரிசோதனை. டாக்டர் நாடி பிடித்தால் யாரும் தொட்டுவிட்டார் என்று சொல்வதில்லை. உயரமான ஆப்பிளில் ஒரு கோடு. பச்சை. அப்பாடா. ஆனால் இந்த ஒன்று பச்சை என்றால் மற்ற நான்கும் பச்சை என்று யார் சொன்னது, ஒரே பஸ்ஸில் வந்தவர்களெல்லாம் ஒரே ஊருக்கா போகிறார்கள். நான்கிலும் ஒவ்வொரு கோடு. பச்சை, பச்சை, பச்சை, பேரி கொஞ்சம் மஞ்சளாக, இன்னும் கொஞ்சம் ஆழமாக, பச்சை. சரி, எழுந்து போய்ப் படு யோகநாதா. படுத்தேன். கண்ணை மூடினால் ஃபேன் சத்தம் காதுக்குள் ஓடுகிறது, அதன் மேலே ஒரு யோசனை: அடியில் பச்சை இருந்தது, நுனியில்? எழுந்து நுனியில் ஒரு கோடு. பச்சை. ஆனால் அது ஒன்பது மணிப் பச்சை, இப்போது ஒன்பதேகால். பாக்கியத்திடம் இதைச் சொன்னால் நீங்க மூச்சு விடறீங்களான்னு நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைப் பிடிச்சா பாக்கறேன் என்பாள். சொல்லியிருக்கிறாள். போன வருஷம்.

போன வருஷத்தை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் முதலில் கரண்டிதான் வருகிறது. போன வருஷம் இரண்டே கன்று, இரண்டும் பிளம்ஸ். நட்டு ஒரு வாரம் நல்லபிள்ளையாக இருந்தேன். மேலே ஒன்றும் நடக்கவில்லை, குச்சி குச்சியாகவே நின்றது, கீழேயாவது ஏதாவது நடக்கிறதா என்று தெரியவேண்டாமா, ஒரு ஓரமாக மண்ணை விலக்கிப் பார்த்தேன். வேர் முனையில் வெள்ளையாக ஒன்று, அரிசிக் குருணை அளவு, புதுசு. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை எனக்கு ஃபேக்டரி கொடுத்ததில்லை. அப்படியே மூடிவிட்டேன். மூடினதோடு விட்டிருக்க வேண்டும். குருணை அரிசியாகிவிட்டதா என்று நான்காம் நாள் பார்த்தேன், ஆகியிருந்தது. மூன்றாம் தரம் திறந்தபோது அது கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன், திரும்ப ஒட்ட முடியுமா என்று கூட ஒரு கணம். அதற்குப் பிறகும் விட்டேனா, வேறு முனை வந்திருக்கும் என்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கன்றைச் சுற்றி மண் எப்போதும் புதுசாகக் கிளறியபடி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாக்கியம் கேட்டபோது வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன், பெருச்சாளி. சொன்னதுதான் தாமதம், அவள் தம்பி தியாகு பொறி கொண்டுவந்துவிட்டான், இரும்புப் பொறி, தேங்காய்ச் சில்லு சொருகி. பத்து நாள் பொறியில் ஒன்றும் விழவில்லை, மண் மட்டும் தினமும் கிளறிக் கிடந்தது. பொறிக்குத் தப்பித் தோண்ட வேண்டிய கஷ்டம் யாருக்குத் தெரியும். மண்வெட்டியை எடுத்தால் சத்தம் கேட்கிறது என்று சோற்றுக் கரண்டிக்கு மாறியிருந்தேன். மாசிக் கடைசியில் ஒருநாள் சோறு போடக் கரண்டியைத் தேடினாள், வீடு முழுக்கத் தேடினாள், நானும் அவளோடு சேர்ந்து தேடினேன், மனசாரத் தேடினேன், எங்கே வைத்தேன் என்பது நிஜமாகவே மறந்துபோயிருந்தது. மறுநாள் தியாகு பொறியை எடுக்கப் போன இடத்தில் கன்றின் அடியில் காம்பு மட்டும் வெளியே தெரியக் கரண்டி நின்றுகொண்டிருந்தது. அதைக் கழுவி எடுத்துவந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சோறு போட்டபடி பாக்கியம் கேட்டாள், சத்தமே போடாமல்.

"ஏங்க, பெருச்சாளிக்கு எதுக்குக் கரண்டி?"

கன்று இரண்டும் பங்குனியில் காய்ந்துபோயின. இந்த வருஷம் கடைசி என்று அப்போதே பேச்சு. சித்திரைக்குள் துளிர் வரவேண்டும், வராவிட்டால் கொல்லை தியாகுவின் ஆட்டுக் கொட்டகைக்கு. அவன் நான்கு தூண் வாங்கித் தயாராகச் சுவரோரம் சாத்தியே வைத்துவிட்டான், நான் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் அவை சாய்ந்து நின்று என்னைப் பார்க்கின்றன. ஆடு நல்ல ஜீவன், எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டுக்கு எவன் வேண்டுமானாலும் குழை போடலாம்.

பத்து மணிக்கு அவனே வந்துவிட்டான், டேப்போடு. அக்கா இல்லாத நேரம் என்று தெரிந்து வந்தானா, தெரியாமல் வந்தானா, வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய் ஒரு முனையைக் குழிக்குப் பக்கத்தில் கல்லால் அழுத்திவிட்டு அளக்க ஆரம்பித்தான். சித்திரைக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறதே தியாகு என்றேன். அளந்தா என்ன மச்சான், அளந்ததுக்காக ஆடு இன்னைக்கே வந்திரப் போகுதா என்றான். பிறகு வாளிப் பக்கம் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் பார்ப்பது போல் பார்த்தான். இதில் எது தலை, எது கால் என்று கேட்டான். தண்ணீருக்குள் இருப்பது கால் என்றேன். அப்படியா, நல்லவேளை, நட்டப்புறம் கேட்டிருந்தா சங்கடம் என்றான். குனிந்து உற்றுப் பார்த்தான். நான் எதிர்பார்க்காதது இதுதான், அதற்குள் கோடு இருபது முப்பதுக்குப் போயிருந்தது, பகல் வெளிச்சத்தில் ஐந்து குச்சியும் வரிக்குதிரைக் கால் மாதிரி இருந்தன.

"என்ன மச்சான், பெருச்சாளி இந்த வருஷம் வாளிக்கே வந்திருச்சா?"

சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஒன்று கவனித்தேன், அளக்கும்போது அவன் குழிகளை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தான். அல்லது சேறு என்று சுற்றினானோ.

பதினொன்று. இனித்தான் நிஜமான பயம். இதுவரைக்கும் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன், கத்தியை. நட்டதும் மரத்தை வெட்டவேண்டும், முழங்கால் உயரத்தில். புத்தகம் சொல்கிறது. செல்போனில் இமாச்சலத்துக்காரர் ஒருவரும் செய்து காட்டுகிறார், குல்லா போட்டவர், ஹிந்தியில் பேசுகிறார், எனக்குப் புரியாது, ஃபேன் சத்தத்தில் புரிந்தாலும் கேட்காது, ஆகவே அவர் கையை மட்டும் பார்த்துப் படித்தேன். வேரை விரிக்கிறார், மண் போடுகிறார், மிதிக்கிறார், எல்லாம் அழகு, பிறகு கத்தரியை எடுத்து ஆள் உயர மரத்தைச் சிரித்த முகத்தோடு முழங்காலில் வெட்டித் தூக்கி எறிகிறார். முதல் தரம் பார்த்தபோது இது இப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிற வீடியோ என்று நினைத்தேன். பதினைந்து தரம் பார்த்தபிறகுதான் நிஜமாகவே வெட்டச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஒன்பது நாள் பிரயாணம் பண்ணி வந்தவனை வாசலில் வரவேற்று இடுப்பில் போடுவது எந்த ஊர் நியாயம். போன வருஷம் நான் வெட்டவில்லை, மனசு வரவில்லை. அதனால்தான் செத்ததோ என்று ஒரு பக்கம், வெட்டாமலே செத்ததை வெட்டி வேறு சாகடித்திருப்பேன் என்று இன்னொரு பக்கம். பாக்கியத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பத்தொன்பது வருஷமாகத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவள், பச்சைப்பசேல் என்று நிற்கிற செடியை ஒரே வீச்சில் மொட்டையாக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போவாள், தன் முழங்கால்தான் அளவுகோல். இன்று பையில் அந்தக் கத்தியைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள். ஐந்தில் நான்கு போகட்டும். ஒன்றாவது முழுசாக இருக்கட்டும். உயரமான அந்த ஆப்பிள், முதல் கோடு வாங்கினது, அதன் நுனியில் ஒரு மொட்டு இருக்கிறது, மற்ற மொட்டுகளைவிடக் கொஞ்சம் புடைத்து, கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடிக்கிற முகம். வெட்டினால் அதுதான் முதலில் போகும். வாளியிலிருந்து எடுத்தேன், ஈரச் சாக்கை வேரில் சுற்றினேன், அதற்கு மேல் என் கம்பளியைச் சுற்றினேன், கட்டிலுக்கு அடியில் நீளவாக்கில் படுக்கவைத்தேன். மேலே நான் படுத்துக்கொண்டேன். மேலே ஒருவன் கீழே ஒருவன், எட்டாவது படிக்கும்போது ஆஸ்டலில் இப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் வரும்போது அவள் போவாள், அவள் வரும்போது நான் போவேன், நடுவில் ஒரு மணி நேரம், அதில் பாதி காப்பி, பாதி அரிசி பருப்புப் பேச்சு. பகலில் இந்தக் கட்டிலில் படுத்தால் அவள் படுத்த சூடு இருக்காது, ஆறியிருக்கும், பள்ளம் மட்டும் இருக்கும். மரம் நின்றால் அதற்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சும்மா உட்காரலாம் என்று ஒரு நினைப்பு. அவளிடம் சொன்னதில்லை. ஆப்பிள் தின்ன ஆசை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறது.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷத்தில் அவள் காலடி. நேராகக் கொல்லைக்குத்தான் போனாள், பின்னாலேயே நானும். வாளியைப் பார்த்தாள், கோடுகளைப் பார்த்தாள். கட்டைவிரலைக் காட்டுங்க என்றாள். காட்டினேன். நகத்துக்கு அடியில் பச்சை, அரைத்து அப்பின மருதாணி மாதிரி. பிறகு குழிகளை எண்ணினாள், குச்சிகளை எண்ணினாள், மறுபடி குழிகளை. இன்னொண்ணு எங்கே என்று அவள் கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள், நான் சுவரோரத் தூண்களைப் பார்த்தேன். சரி என்று கத்தியை எடுத்தாள். வாளியிலிருந்து பிளம்ஸ் ஒன்றை எடுத்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அளந்து, ஒரே வீச்சு. சத்தம்கூட இல்லை. மேல்பாதி மண்ணில் விழுந்தது. அவள் வெட்டின முனையை என் பக்கம் நீட்டினாள்.

"பாருங்க. காலையிலிருந்து இதைத்தானே தேடினீங்க?"

பார்த்தேன். நடுவில் தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளை, சுற்றிலும் பட்டைக்கு அடியில் முழு வட்டமாக ஒரு பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஒரு துளி ஈரம் கசிந்து நின்றது. நான் நகத்தால் முப்பது இடத்தில் தட்டிக் கேட்டதற்கெல்லாம் ஒரே வெட்டில் பதில். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, நான்கிலும் அந்தப் பச்சை வளையம். நான் உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து அதை இழுத்து, கம்பளியோடு இரண்டு கையிலும் ஏந்தி எடுத்துவந்தேன்.

"அதுக்கு என்ன, ஜுரமா?" என்றாள்.

நான் கம்பளியைப் பிரித்தேன். அந்த மொட்டை அவளுக்குக் காட்டினேன். அவளும் குனிந்து நிஜமாகவே பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள், வெட்டினாள்.

நடுகிற வேலை அரைமணி. குழிக்கு நடுவே மண்ணைக் குவித்து, அந்தக் குமியல் மேல் வேரை நாலாபக்கமும் விரித்து உட்காரவைத்தோம், ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்கு மேலே நான்கு விரல் தெரிய. மண் போட அவள் மண்வெட்டியை எடுக்கவில்லை. நீங்க கையால போடுங்க என்றாள். நான் நம்பாமல் பார்த்தேன். இப்போ தொடுங்க, ஆசை தீரத் தொடுங்க, இதோட சரி என்றாள். தொட்டேன். ஒவ்வொரு வேராக வருடி, இடுக்கில் மண்ணைத் தள்ளி, ஒரு பிடி மண்ணை அழுத்தி விரலை விரித்துப் பார்த்தேன், பந்தாக நின்று மெல்ல அவிழ்ந்தது. பதம். அவள் தண்ணீர் ஊற்றினாள், கவ்வாத்துச் சருகைச் சுற்றிலும் பரப்பினாள். ஐந்தும் முளைக்குச்சிகள் மாதிரி முழங்கால் உயரத்தில் நின்றன, தியாகு அளந்த அளவுக்குக் குறுக்கே. கை கழுவி, சமையல்கட்டில் நின்றபடியே பாத்திரங்களை உருட்டிக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டாள், எழுப்பறவங்க யாரும் இல்லை, போய்த் தூங்குங்க என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பை ஏதோ கலகலவென்றது. டிபன் பாக்ஸ் என்று நினைத்தேன்.

எனக்கும் பசி. சோற்றுப் பானையைத் திறந்து கரண்டிக்குக் கையை நீட்டினால் ஆணியில் கரண்டி இல்லை. குழம்புக் கரண்டியும் இல்லை. தோசைத் திருப்பி, சாரணி, மோர்க் கரண்டி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பெரிய பித்தளைக் கரண்டி, ஒன்றும் இல்லை. கொல்லையில் மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை, நான் கை கழுவின நேரத்தில் இரண்டையும் தியாகுவிடம் கொடுத்திருப்பாள். தேங்காய் துருவியைக்கூட விடவில்லை. சமையல்கட்டு நடுவில் நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாகச் சிரிக்கிறோமே என்று ஒரு கணம் நிறுத்தி மறுபடியும் வந்துவிட்டது. இத்தனை கரண்டியையும் முதுகில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி ஏறி இலை பறித்துக்கொண்டிருக்கிறாள், கூட இருக்கிற பெண்களுக்கு என்ன சொல்லியிருப்பாள். குழம்பைச் சட்டியோடு சாய்த்து ஊற்றிச் சாப்பிட்டேன். படுத்தேன். ஃபேன் சத்தம் கொஞ்சம் தூரத்தில் ஓடியது. தூக்கம் வருகிற அந்த இடத்தில், வந்தேவிட்ட இடத்தில், சர்க்கரை டப்பா ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போய்த் திறந்தேன். சர்க்கரைக்குள் புதைந்து, காம்பு மட்டும் வெளியே தெரிய, ஒரு டீ ஸ்பூன்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவருகே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. டீ ஸ்பூனால் என்ன பெரிதாகத் தோண்டிவிட முடியும். ஓரமாக, ஒரே ஒரு வேரை மட்டும். இன்றைக்கு வேண்டாம், நாலு நாள் கழித்து. நாலு நாள் கழித்தும் ஸ்பூன் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஐந்து முனைகளிலும் வெட்டின இடம் வெயிலில் மினுங்கியது. சட்டையை மாட்டிக்கொண்டேன், செருப்பு கிடைக்கவில்லை, அப்படியே இறங்கி எஸ்டேட் பாதையில் நடந்தேன், கண் பாதி மூடிக்கொண்டு, பத்து நிமிஷம். மூன்றாவது வரிசையில் அவள் முக்காடு தெரிந்தது. பக்கத்து வரிசைப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி என்ன அண்ணே, பகல்ல ஆளையே கண்டதில்லை என்றாள். நான் தேயிலைச் செடிகளுக்கு மேலாக ஸ்பூனை நீட்டினேன்.

"இது ஒண்ணை விட்டுட்டே."

பாக்கியம் வாங்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்த சர்க்கரையை முந்தானையில் துடைத்து, தோளுக்குப் பின்னால் பையில் போட்டாள். உள்ளே எங்கேயோ அது மற்றவற்றோடு போய்ச் சேருகிற சத்தம் கேட்டது. நான் தூங்கப் போனேன்.